அலுமினியம் குளோரைடு கழிவு: ஃபில்டர் பிரஸ் கேக்கைக் குறைக்க வழி உண்டா?

மூன்றாம்_ஷிப்ட் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் "முதலில் விவரம் கொடு" என்று நாலு பேர் கேட்பீர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஓர் அரோமாட்டிக் கீட்டோன் செய்கிறோம். ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினைதான், பென்சீன் வளையத்தில் ஒரு குழுவை ஒட்டவைக்கும் வேலை: அசிட்டைல் குளோரைடு, அலுமினியம் குளோரைடு, கரைப்பானாக எத்திலீன் டைகுளோரைடு, சுருக்கமாக ஈ.டி.சி. பேட்சுக்கு 400 கிலோ அலுமினியம் குளோரைடு போட்டால் 430 கிலோ கீட்டோன் கிடைக்கிறது. வினை முடிந்ததும் 3,000 லிட்டர் தண்ணீரில் குவென்ச் (கலவையைத் தண்ணீரோடு சேர்த்து வினையை நிறுத்துவது), அப்புறம் 1,000 லிட்டர் தண்ணீரில் இரண்டு முறை கழுவல், கடைசியில் வடித்தல்.

இரண்டு வருடம் உற்பத்திப் பக்கம் இருந்தேன். அப்போதெல்லாம் தண்ணீர் அடுக்கைப் பிரித்து வடிகாலில் விட்டதோடு என் வேலை முடிந்தது. போன மாதம் ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதே வடிகாலின் மறுமுனையில் நிற்கிறேன், நான் விட்டதெல்லாம் எனக்கே வருகிறது.

வருவது இதுதான். குவென்ச் தண்ணீரும் கழுவின தண்ணீரும் தேயிலை நிறத்தில், ஈ.டி.சி. வாடையோடு வரும். ரியாக்டரிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசல் ஓடும் ஸ்கிரப்பரில் பிடிக்கிறோம், அந்த உப்புத் தண்ணீரும் இதிலேயே சேரும். தரை கழுவும் தண்ணீரும் இதில்தான். எல்லாம் ஒரே தொட்டியில் கலந்து, சுண்ணாம்புப் பால் போட்டு, படியும் சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் (துணி போர்த்திய தட்டுகளுக்கு நடுவே அழுத்தும் இயந்திரம்) பிழிகிறோம். வரும் கேக் பாகுபோல வழுவழுவென்று இருக்கும், துணியை அடைத்துக்கொள்ளும், தட்டைப் பிரித்தால் பாதி கேக் துணியோடு ஒட்டிக்கொண்டு வரும். பேட்சுக்கு ஒரு டன்னுக்கு மேல். இது போக வடிகலனின் அடியில் தங்கும் தார், பேட்சுக்கு அரை டிரம், அதைத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

நிர்வாகம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இதில் எதையாவது விற்க முடியாதா, எத்தனை நாள் நிலக்குழிக்கே அனுப்பிக்கொண்டிருப்பது?" அலுமினியத் தண்ணீரைத் தண்ணீர் சுத்திகரிப்புக்கு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? தாரை என்ன செய்வது? குவென்ச்சுக்குப் பிறகு அடுக்கு பிரியவே மூன்று மணி நேரம் ஆகிறது, நடுவில் பழுப்பு நுரை போல ஒன்று நிற்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

---

வால்வு_மூடியவன் பதில்:

தம்பி, விற்கிறது இருக்கட்டும், முதலில் ஒரு தாளை எடுத்து மோல் கணக்குப் போடுங்கள். நான் பார்த்த ஈ.டி.பி. ஆட்களில் பத்துக்கு எட்டுப் பேர் சி.ஓ.டி. (கரிம மாசின் அளவு) என்ன, பி.எச். என்ன என்று சொல்வார்கள், ஒரு பேட்சிலிருந்து எத்தனை கிலோ என்ன வருகிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

400 கிலோ அலுமினியம் குளோரைடு என்றால் 3 கிலோமோல். அதை முழுக்க நடுநிலையாக்க 333 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். அதிலிருந்து 234 கிலோ அலுமினியம் ஹைட்ராக்சைடு வரும், ஆனால் அது உலர்ந்த எடை. உங்கள் பிரஸ்ஸில் வரும் கேக்கில் திடப்பொருள் 25 சதவீதம் இருந்தாலே பெரிய விஷயம், ஆக 940 கிலோ கேக். நீங்கள் டன்னுக்கு மேல் என்கிறீர்கள், மிச்சம் கரையாத சுண்ணாம்பும் கல்லுமாக இருக்கும். அதாவது நீங்கள் வண்டி ஏற்றி அனுப்புவதில் முக்கால்வாசி தண்ணீர். இன்னொன்றைக் கவனித்தீர்களா, இதே கணக்கில் 500 கிலோ கால்சியம் குளோரைடும் உண்டாகிறது, அது கேக்கில் நிற்காது, கரைந்து அப்படியே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். உங்கள் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) ஏன் இறங்கவில்லை என்று எம்.இ.இ. (தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் பிரிவு) ஆட்கள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

சுண்ணாம்பை எதுவரை போடுகிறார்கள் என்றும் பாருங்கள். "கொஞ்சம் தாராளமாகப் போடு" என்று பி.எச். 10-க்குக் கொண்டுபோகும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. அலுமினியம் ஹைட்ராக்சைடு இரண்டு பக்கமும் கரையும் சரக்கு. 6-க்கும் 7.5-க்கும் நடுவில் நன்றாகப் படியும், 8.5, 9 தாண்டினால் அலுமினேட்டாக மாறி மறுபடி தண்ணீருக்குள் போகும். சுண்ணாம்பும் வீண், அலுமினியமும் தப்பிவிடும்.

இப்போது உங்கள் மூன்று மணி நேரக் கதைக்கு வருகிறேன், எனக்கு இதுதான் சுவாரசியம். 400 கிலோவை 3,000 லிட்டரில் கரைத்தால் கரைசல் கிட்டத்தட்ட 12 சதவீதம், அடர்த்தி 1.1-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் ஈ.டி.சி. அடுக்கில் கீட்டோனும் கரைந்திருக்கிறது, ஈ.டி.சி. தனியாக 1.25, கீட்டோன் அதைவிட லேசு, இரண்டும் சேர்ந்து அதுவும் 1.1-க்குக் கொஞ்சம் மேலே. இரண்டு அடுக்குக்கும் எடை ஒன்றுபோல இருந்தால் எது மேலே போவது, எது கீழே போவது? அதனால்தான் திணறுகிறது. நடுவில் நிற்கும் நுரையில் உங்கள் சரக்கும் மாட்டியிருக்கும், அதையும் சேர்த்துத்தான் வடிகாலில் விடுகிறீர்கள்.

தண்ணீரைக் குறையுங்கள். எப்படி என்றால், கழுவும் தண்ணீரைப் பின்னோக்கி ஓட்டுங்கள். கடைசிக் கழுவலுக்கு மட்டும் 1,200 லிட்டர் புதுத் தண்ணீர். அது அடுத்த பேட்சின் முதல் கழுவலுக்கு. அந்தத் தண்ணீர் அதற்கடுத்த பேட்சின் குவென்ச்சுக்கு. பேட்சுக்கு 5,000 லிட்டர் வெளியேறிய இடத்தில் 1,200 லிட்டர்தான் வெளியேறும், அலுமினியம் குளோரைடும் 25 சதவீதத்தை எட்டும். அந்தச் செறிவில் தண்ணீர் அடுக்கின் அடர்த்தி 1.2-ஐத் தாண்டிவிடும், சட்டென்று பிரியும்.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் குறைந்தால் சூடு வேகமாக ஏறும், ஆகவே வினைக்கலவையைத் தண்ணீருக்குள் மெதுவாக விடுங்கள், தண்ணீரைக் கலவைக்குள் ஊற்றும் வேலையே வேண்டாம், ஜாக்கெட்டில் குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, அடுக்கு தலைகீழாகும். இத்தனை நாள் கீழே இருந்த ஈ.டி.சி. அடுக்கு குவென்ச்சில் மேலே வந்துவிடும், கழுவலில் மறுபடி கீழே போகும். ஷிப்ட் ஆட்களுக்கு இதை எழுதியே ஒட்டிவிடுங்கள்.

வாயுவுக்கு: காஸ்டிக்கில் நேராகப் பிடிப்பதை நிறுத்துங்கள். உங்கள் அளவுக்குப் பேட்சுக்குச் சுமார் 100 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வரும், அதைப் பிடிக்க 108 கிலோ காஸ்டிக் தின்று 158 கிலோ உப்பு உண்டாக்குகிறீர்கள். முன்னால் ஒரு கிராஃபைட் ஃபாலிங் ஃபிலிம் அப்சார்பர் வைத்துத் தண்ணீரில் பிடித்தால் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். காஸ்டிக் ஸ்கிரப்பர் பின்னால் காவலுக்கு மட்டும். ஆனால் வாயுவோடு ஈ.டி.சி. ஆவியும் அசிட்டைல் குளோரைடும் வரும், அவற்றை முதலில் குளிர்வித்துப் பிடிக்காவிட்டால் அந்த அமிலத்தை யாரும் தொடமாட்டார்கள்.

---

டிரம்_எண்ணி பதில்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் பாதுகாப்புப் பக்கம், எனக்குக் கவலை அந்தத் தார் டிரம் மேல்.

பல வருடத்துக்கு முன் நான் இருந்த ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) இதே மாதிரி வடிகலன் அடித்தார் டிரம்கள் கூரைக்கு வெளியே வரிசையாக இருந்தன. ஒரு நாள் காலையில் ரவுண்ட் போகும்போது மூன்றாவது வரிசையில் ஒரு டிரம்மின் மூடி மேல்நோக்கிப் புடைத்திருந்தது, பொரி உப்பின மாதிரி இல்லை, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி. பக்கத்தில் போனால் மூக்கைக் குத்தும் அமில வாடை. உள்ளே தார் சூடாக ஊற்றப்பட்டு, அமிலம் மிச்சமிருந்து, மெதுவாக ஹைட்ரஜன் குளோரைடு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, மூடியோ இறுக்கி மூடியது. அன்று யாரும் அதன் மேல் ஸ்பானர் வைக்காததால் பிழைத்தோம். அதற்குப் பிறகுதான் அழுத்தம் வெளியேறும் மூடிகள் வாங்கினார்கள், தாரை ஆறவிட்டு ஊற்றும் விதியும் வந்தது.

உங்களிடம் கேட்கிறேன்: கடைசிக் கழுவலுக்குப் பிறகு தண்ணீர் அடுக்கின் பி.எச். பார்க்கிறீர்களா? பார்க்காவிட்டால் இன்றே ஒரு தாள் நனைத்துப் பாருங்கள். ஈ.டி.சி. அடுக்கில் அமிலமோ அலுமினியமோ தங்கிவிட்டு வடிகலனில் சூடேறினால், அசிட்டோபீனோன் வகைக் கீட்டோன்கள் தமக்குள்ளேயே சேர்ந்து டிப்னோன் போன்ற கனமான சரக்காகிவிடும், இன்னும் போனால் மூன்று மூலக்கூறு சேர்ந்த வளையம். அதுதான் உங்கள் தாரின் பெரும்பகுதி என்று பந்தயம் கட்டுவேன். அதாவது அது கழிவாக வந்ததல்ல, விற்கவேண்டிய கீட்டோனை நீங்களே வடிகலனில் கழிவாக்கியது. ஒரு சோடா கழுவல், அதாவது சோடா உப்புக் கரைசலில் ஒரு கழுவல், சேர்த்தால் தார் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். (சோடா கழுவலில் கரிமிலவாயு வரும், வென்ட் திறந்திருக்கட்டும். அந்தத் தண்ணீரை மட்டும் மேலே சொன்ன பின்னோக்கிச் சுற்றில் கலக்காதீர்கள்.)

மிச்சம் வரும் தாரைச் சிமெண்ட் சூளைக்கு அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். எரியும் சக்தி நன்றாக உண்டு, சூளைக்குள் சரக்கே 1,450 டிகிரிக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் முதலில் கேட்பது குளோரின் எவ்வளவு என்று. குளோரைடு சூளைக்குள் ஆவியாகி, மேலே பிரீஹீட்டரில் குளிர்ந்து ஒட்டி, சைக்ளோனை அடைக்கும். ஈ.டி.சி. முழுக்க இழுக்கப்படாத தாரை அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எரிஉலை என்றால் ஹாலஜன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள கரிமக் கழிவை 1,100 டிகிரியில் 2 விநாடி நிறுத்தவேண்டும், சாதாரணக் கழிவுக்கு 850 போதும், ஐரோப்பிய விதி இது. எரித்த பிறகு வாயுவைச் சடாரென்று குளிர்விக்கவேண்டும், 450-க்கும் 200-க்கும் நடுவில் மெதுவாக நகர்ந்தால் டயாக்சின் மறுபடி உண்டாகும். ஆக தாரிலிருந்து ஈ.டி.சி.யைக் கடைசிச் சொட்டுவரை வெற்றிடத்தில் இழுத்துவிட்டால் எந்த வழியில் அனுப்பினாலும் உங்களுக்கு லாபம்.

அப்புறம், தொட்டியில் எல்லாம் கலப்பதைப் பற்றி. இன்று உங்களிடம் ஒரே சரக்கு, அதனால் தப்பித்தீர்கள். நாளைக்கே இன்னொரு பொருள் செய்யத் தொடங்கி, அதில் ஹைப்போகுளோரைட் ஸ்கிரப்பர் ஒன்று வந்து, அந்தத் தண்ணீர் இந்த அமிலத் தண்ணீரோடு சேர்ந்தால் குளோரின் வரும். சல்ஃபைடு வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நைட்ரிக் அமில மிச்சத்தைக் கரைப்பான் கழிவு டிரம்மில் ஊற்றி இரவில் டிரம் வெடித்த கதைகள் ஆய்வகங்களிலேயே எத்தனையோ. ஒரே வடிகால் என்பது வசதி மாதிரித் தெரியும்.

---

சந்தை_எலி பதில்:

நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் தெளிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "விற்றுவிடலாம்" என்பதைப் பற்றி.

அலுமினியம் குளோரைடு கரைசலை வாங்குகிறார்கள், உண்மை. பாலி அலுமினியம் குளோரைடு செய்பவர்கள், சாய ஆலை, காகித ஆலைக் கழிவுநீரைத் தெளிய வைப்பவர்கள். ஆனால் அவர்கள் வாங்குவது அலுமினியத்தை, உங்கள் ஈ.டி.சி.யை அல்ல. ஈ.டி.சி. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 கிராம் கரையும். உப்பு இருந்தால் கொஞ்சம் குறையும், சரி, ஆனாலும் 5,000 லிட்டருக்கு 40 கிலோவரை பேட்சுக்குப் பேட்ச் வெளியே போகிறது. காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியா அதைத் தின்றுவிட்டதாக அறிக்கை எழுதுவார்கள், பாதிக்குமேல் காற்றோடு போயிருக்கும். புற்றுநோய் சந்தேகம் உள்ள கரைப்பான் அது, தொட்டி ஓரத்தில் நிற்கும் ஆள் யார்? நீங்கள்தான்.

நீராவி விட்டு இழுக்கலாம், ஈ.டி.சி.யும் தண்ணீரும் சேர்ந்து 72 டிகிரியிலேயே கொதிக்கும், மேலே போய்க் குளிர்ந்ததும் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். சுலபமான வேலைதான். ஆனால் சூடான அமிலக் குளோரைடுக் கரைசல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வைத்தால் சல்லடையாகிவிடும். உள்ளே கண்ணாடி பூசிய (கிளாஸ் லைன்டு) பாத்திரம் வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேட்கும்போதுதான் "விற்றுவிடலாமே" என்ற உற்சாகம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரியும். எதுவானாலும் குடிநீர்ப் பக்கம் மட்டும் இதை விடாதீர்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.

இன்னொன்று, வாங்குகிறவன் இருக்கும்வரைதான் அது துணைப்பொருள். பயோடீசல்காரர்கள் கிளிசரினில் பட்டதைப் பாருங்கள். செய்யும் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு கிளிசரினாக வந்துகொண்டே இருந்தது, 2000-களின் நடுவில் சந்தையே கவிழ்ந்தது, கிளிசரினை எபிகுளோரோஹைட்ரினிலிருந்து செயற்கையாகச் செய்தவர்கள் ஆலையை மூடினார்கள். கடைசியில் சால்வே நிறுவனம் தலைகீழாகத் திருப்பி, கிளிசரினிலிருந்தே எபிகுளோரோஹைட்ரின் செய்தது. பீனால் செய்பவர்கள் கதையும் அதே மாதிரி, க்யூமீன் வழியில் ஒரு டன் பீனாலுக்கு 0.62 டன் அசிட்டோன் வந்தே தீரும். பீனாலுக்குத் தேவை, அசிட்டோனுக்கு இல்லை என்றால் ஆலையை ஓட்டுவதா நிறுத்துவதா?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் மோசம். ஐசோசயனேட் செய்பவர், குளோரோ சரக்கு செய்பவர் எல்லோரிடமும் அது மிஞ்சிக்கிடக்கிறது. உங்கள் 30 சதவீத அமிலத்துக்கு ஏற்கெனவே வரிசை இருக்கிறது, விற்க நிற்பவர்களின் வரிசை.

சட்டமும் ஒன்று. பெயரை மாற்றினால் கழிவு துணைப்பொருள் ஆகிவிடாது. ஐரோப்பாவின் 2008-ஆம் ஆண்டுக் கழிவு விதி இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது: அடுத்த பயன் உறுதியாக இருக்கவேண்டும், வழக்கமான தொழில்முறை தாண்டிய சுத்திகரிப்பு இல்லாமல் நேரடியாகப் பயன்படவேண்டும், உற்பத்தியின் ஒரு பகுதியாகவே உண்டாகியிருக்கவேண்டும், அந்தப் பயன் சட்டப்படியும் ஆபத்தில்லாமலும் இருக்கவேண்டும். "யாராவது எடுத்துக்கொண்டு போகிறார்கள்" என்பது இதில் எதிலும் சேராது. எடுத்துக்கொண்டு போகிறவன் எங்கே ஊற்றுகிறான் என்று நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

---

ஒருமோல் பதில்:

சந்தை_எலி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் துணைப்பொருளை விற்பது ஏமாற்று வேலை என்கிற தொனி சரியில்லை. லெப்ளாங்க் சோடாத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் சோடா செய்தார்கள், ஹைட்ரஜன் குளோரைடைப் புகைபோக்கி வழியே அப்படியே விட்டார்கள், சுற்றுவட்டாரத்தில் மரம் செடி எல்லாம் கருகியது. பிரிட்டனில் 1863-இல் சட்டம் போட்டு 95 சதவீதத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்த அமிலத்தை ஆற்றில் விட்டார்கள், அது வேறு கதை. அப்புறம் வெல்டனும் டீக்கனும் அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுக்க வழி கண்டார்கள், வெளுப்புத்தூள் விற்றது, சால்வே முறை வந்து சோடாவில் அடி வாங்கிய பிறகும் லெப்ளாங்க் ஆலைகள் பல வருடம் இந்தக் குளோரினை நம்பியே ஓடின. அனிலின் பக்கமும் ஒரு கதை: நைட்ரோபென்சீனை இரும்புத்தூள் கொண்டு ஒடுக்கும்போது ஒரு டன் அனிலினுக்கு 1.8 டன்னுக்கு மேல் இரும்பு ஆக்சைடு வரும். குப்பை மேடாகக் கிடந்த அதை, 1920-களில் லாக்ஸ் முறை வந்து வண்ணப்பொடியாக மாற்றியது. அதற்காகவே வினையின் நிலைமைகளைத் திருத்தினார்கள், அதுதான் கவனிக்கவேண்டியது. கழிவை எடுத்து விற்றதல்ல, விற்கும்படியான கழிவு வருமாறு ரியாக்டரை ஓட்டினார்கள்.

அதனால் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது, உங்கள் கேக் பிறக்கும் இடம் பிரஸ் அல்ல, ரியாக்டர். அலுமினியம் குளோரைடு வினையூக்கி என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் அசைலேஷனில் (நீங்கள் செய்யும் வினை அதுதான்) அது கீட்டோனோடு ஒட்டிக்கொண்டு விலகாது, ஒரு மோல் கீட்டோனுக்கு ஒரு மோலுக்கு மேல் போட்டே ஆகவேண்டும், குவென்ச் செய்தால் செத்துவிடும். ஷெல்டன் 1992-இல் ஈ-ஃபேக்டர் என்று ஒரு கணக்கு கொடுத்தார், ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு என்று. நுண்வேதிப்பொருள்களுக்கு 5 முதல் 50, மருந்துப் பொருள்களுக்கு 25 முதல் 100, அதற்கு மேலும். உங்களுடையது, தண்ணீரை விட்டுவிட்டு வால்வு அண்ணன் கணக்கையே கூட்டினால், 2-க்குக் கொஞ்சம் மேல். அந்த வரிசையில் நீங்கள் நல்ல பிள்ளைதான், வருத்தப்படவேண்டாம்.

இதே வினையை மாற்றி ஓட்டியவர்கள் உண்டு. ஐபுப்ரோஃபென் முதலில் ஆறு படியில், அலுமினியம் குளோரைடோடு செய்யப்பட்டது, போட்ட அணுக்களில் 40 சதவீதம்தான் மருந்தில் சேர்ந்தது. 1992-இல் ஓடத் தொடங்கிய பி.எச்.சி. நிறுவனத்தின் முறை மூன்று படி, 77 சதவீதம். அசைலேஷனுக்கு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, அதையே பிடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடை உங்கள் அளவு ஆலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், அது தோலில் பட்டால் எலும்புவரை போகும் சரக்கு, கேக் தொல்லையே மேல். அனிசோல் மாதிரி எளிதில் வினைபுரியும் வளையமாக இருந்தால் ஜியோலைட்டும் (நுண்துளைகள் உள்ள திட வினையூக்கி) அசிட்டிக் அன்ஹைட்ரைடும் போதும், அலுமினியமே வேண்டாம், பக்கத்தில் வருவது அசிட்டிக் அமிலம்தான். உங்கள் வளையத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. வெறும் அல்க்கைல் குழு என்றால் ஜியோலைட் சோம்பேறியாக நிற்கும்.

ஈ.டி.சி.யையும் மாற்ற யோசியுங்கள். ஐரோப்பாவில் 2017 நவம்பரிலிருந்து சிறப்பு அனுமதி இல்லாமல் அதைக் கரைப்பானாகப் பயன்படுத்த முடியாது. இன்று இல்லாவிட்டாலும் நாளை ஏற்றுமதிக்குப் போகும் வாடிக்கையாளர் கேட்பார்.

---

மூன்றாம்_ஷிப்ட் பதில் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பி.எச். தாள். கடைசிக் கழுவல் தண்ணீர் 2. நாங்கள் அதை "சுத்தமாகிவிட்டது" என்று எழுதிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் பேட்ச் ஷீட்டில் "இரண்டு முறை கழுவவும்" என்றுதான் இருக்கிறது, எதுவரை என்று இல்லை. ஒரு சோடா கழுவல் சேர்த்தோம். டிரம்_எண்ணி சார் பந்தயம் ஜெயித்துவிட்டார், தார் அரை டிரம்மிலிருந்து ஒரு வாளிக்குக் கொஞ்சம் மேல் என்று வந்துவிட்டது, அந்த வித்தியாசம் கீட்டோன் பக்கம் எடையில் தெரிகிறது. உற்பத்தி மேலாளர் முதன்முறையாக ஈ.டி.பி.க்கு நடந்து வந்தார்.

பின்னோக்கிக் கழுவலை நாலு பேட்சில் செய்தோம். அடுக்கு இருபது நிமிடத்தில் பிரிந்தது, நுரை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வால்வு அண்ணன் எச்சரித்தது அப்படியே நடந்தது. இரண்டாவது பேட்சில் இரவு ஷிப்ட் ஆள் பழக்கத்தில் கீழ் அடுக்கைச் சரக்கு என்று நினைத்து வடிகலனுக்கும், மேல் அடுக்கை வடிகாலுக்கும் திருப்பப் போனார். சைட் கிளாஸில் நிறம் பார்த்து நல்லவேளையாக என்னைக் கூப்பிட்டார். இப்போது ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் வைத்து, அடி வால்விலிருந்து ஒரு சொட்டு விட்டு, கரைகிறதா உருண்டையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வால்வு. எழுதி ஒட்டியும் ஆகிவிட்டது.

கிளாஸ் லைன்டு பாத்திரத்துக்கு நிர்வாகத்தின் பதில் சந்தை_எலி சொன்ன மாதிரிதான், "பார்க்கலாம்". பழைய ரியாக்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதன் கண்ணாடிப் பூச்சை ஸ்பார்க் டெஸ்ட் (மின்பொறி விட்டு ஓட்டை தேடும் சோதனை) செய்யக் கேட்டிருக்கிறேன். தேறினால் நீராவி விட்டு ஈ.டி.சி.யை இழுக்கும் வேலை அதில். அதுவரை விற்பனைப் பேச்சு இல்லை.

பி.எச். 7-இல் நிறுத்திய பிறகு சுண்ணாம்பு குறைந்தது, ஆனால் கேக் இன்னும் துணியில் ஒட்டுகிறது. இதற்கு என்ன செய்வது? துணியை மாற்றவேண்டுமா?

---

வால்வு_மூடியவன் பதில்:

துணியில் கை வைக்காதீர்கள். நடுநிலையாக்கும் வேகத்தைக் குறையுங்கள். சுண்ணாம்பை ஒரே மூச்சில் கொட்டினால் ஜெல் மாதிரித்தான் வரும். முந்தின பேட்ச் சேற்றைக் கொஞ்சம் தொட்டியில் விட்டுவைத்து, அதன்மேல் அலுமினியத் தண்ணீரையும் சுண்ணாம்பையும் இரண்டு பக்கமிருந்து ஒரே நேரத்தில் மெதுவாக விடுங்கள், பி.எச். 7 பக்கமே நிற்கட்டும். பழைய துகள் மேலேயே புதுசு வளரும், கனமாகும். முடிந்தால் தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் மெதுவாகக் கிளறிவிட்டுப் பிறகு பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

இரண்டு பேட்ச் அப்படி ஓட்டிவிட்டுக் கேக்கில் ஒரு துண்டை எடுத்து அடுப்பில் உலர்த்தி எடை பாருங்கள். எத்தனை சதவீதம் என்று இங்கே வந்து எழுதுங்கள்.